வல்லத்தைத் தொட்டுட்டு வர்றேன்னு போனவ

ஏனுங்க தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்களா? கண்ணாடி போடலீன்னா தெரியுமுன்னுதான அர்த்தம். சித்த இப்பிடி வாங்க. அந்தா, தூரத்துல ஒரு வல்லம் நங்கூரம் போட்டு நிக்குது பாருங்க, பச்சை பெயிண்ட் அடிச்ச படகு. அதுக்கு இக்கட்டால செவப்பா ஒரு புள்ளி தெரியுதுங்களா? மேல வருது, முங்குது, மறுக்கா மேல வருது. தெரியுதா? அப்பாடா. அது என்ற சம்சாரமுங்க.

அட, பதறாதீங்க. முழுகல. நீச்சலடிக்கறா. வேணும்னேதான் போயிருக்கறா. வல்லத்தத் தொட்டுட்டு வந்தர்றேன்னு, ஏதோ பக்கத்தூட்டுல போய்க் கறிவேப்பிலை வாங்கிட்டு வர்றவ மாதிரி சொல்லிட்டுப் போனா.

உங்களுக்கு நீச்சல் தெரியுமுங்களா? தெரியாதா. சரி, உக்காருங்க. ரெண்டு பேரும் உக்காந்து பாத்துட்டு இருப்பம். எனக்குத் தெரியாதுன்னு இல்லீங்க. சின்ன வயசுல காதுல ஒரு சீக்கு. தண்ணி போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. அந்த டாக்டர் செத்து எத்தனையோ வருசமாச்சு, ஆனாலும் அவரு பேச்ச நான் இன்னிக்கு வரைக்கும் மீறல.

நீங்களும் இந்தக் காட்டேஜ்லதான் தங்கியிருக்கறீங்களா? நேத்துச் சாயந்தரம் வந்தவங்களா? அதான் மூஞ்சி புதுசா இருக்குது. ஊட்டுல எல்லாரும் தூங்கறாங்களாக்கும். குடுத்து வெச்சவங்க. எங்கூட்டுக்காரி கோழி கூப்புடறதுக்கு முன்னால எந்திரிச்சு, "ஏனுங்க, கடலு கண்ணாடியாட்டம் கெடக்குது, எந்திரீங்க"ன்னு போர்வைய உருவிப்போடறா. கண்ணாடியாட்டம் கெடந்தா மொகத்தப் பாத்துட்டு வர வேண்டியதுதான? உள்ள எறங்கறதுக்கு என்ன இருக்குது?

என்ற பேரு சென்னியப்பன். காங்கயத்துக்குப் பக்கம். போர் வண்டி வெச்சிருக்கறேனுங்க. ஆழ்துளைக் கெணறு போடற லாரி இருக்குதில்லீங்களா, அது. எங்க பக்கம் வந்து யார வேண்ணாலும் கேளுங்க. உள்ளங்கைல தேங்காய வெச்சுட்டு ஒரு காட்டச் சுத்தி வந்தேன்னா, தண்ணி எங்க கெடக்குது, எத்தன ஆழத்துல கெடக்குதுன்னு சொல்லிப்போடுவேன். சுத்துப்பட்டு அத்தன தோட்டத்துலயும் நம்ம போட்ட ஓட்டைதான். தண்ணியப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஆனா ஒண்ணுங்க, தண்ணி பூமிக்கு அடியில கெடந்தா எனக்குத் தெகிரியம். இப்பிடி மேலயே வந்து பரப்பிட்டுக் கெடந்தா என்ன பண்றதுன்னே தெரியறதில்லீங்க.

தெரியுதுங்களா இன்னும்? வல்லத்துக்கு நெருக்கத்துல போயிட்டாளா? சரி. பாத்துட்டே இருங்க. நீங்க பாருங்க, நான் பேசறேன். 

நாங்க இங்க நீச்சலடிக்க வர்லீங்க. மாமனாருக்கு வருசத் திதி குடுக்க ராமேஸ்வரம் வந்தம். நாச்சிமுத்துன்னு பேரு, நல்ல மனுசன், போன வருசம் இதே வைகாசில போய்ச் சேந்துட்டாரு. என்ற மச்சான் சிவசாமி, அவன் சம்சாரம், பங்காளிக ஒரு வேன் நெறைய வந்தம். அக்னி தீர்த்தத்துல அய்யரு எல்லாரையும் கடல்ல எறக்கி, மூணு முங்கு போட்டுட்டு வாங்கன்னாரு. மூக்கப் புடிச்சுட்டு, நான் மட்டும் காதுல பஞ்சும் வெச்சுட்டு, முங்குனம், எந்திரிச்சம். பாத்தா வசந்தாமணியக் காணம். அதான் இவ பேரு. எனக்கு உசுரே போச்சு. "ஏ வசந்தா! ஏ வசந்தா!"ன்னு கத்தறேன், சிவசாமி தர்ப்பையோட கத்தறான், அய்யரு மந்திரத்த நிறுத்திப்போட்டாரு. அக்கட்டால, மனுசரே இல்லாத எடத்துல, சீலையோட தலையத் தூக்குனாளே பாக்கணும். சிரிக்கறா. அப்பனுக்குத் திதி குடுக்கற எடத்துல நின்னு பல்லு தெரியச் சிரிக்கறா!

கரைக்கு வந்து என்ன சொன்னா தெரியுங்களா? "ஏனுங்க, மேல வெதுவெதுன்னு இருக்குது, கால்கிட்ட சில்லுன்னு இருக்குது. அச்சு அசலா எங்கூட்டுக் கெணறு மாதிரியே இருக்குதுங்க." அப்பிடிச் சொல்லிட்டு அழுதுட்டா. சிரிச்ச மூஞ்சி காயறதுக்குள்ள அழுகை. அப்பன நெனச்சுக்கிட்டா போல. சரி, கோயிலுக்குள்ள போய்த் தீர்த்தமெல்லாம் ஆடுனம். எனக்கு அதுதான் ஆச்சரியம். கடலு அந்தாண்ட கெடக்குது, கோயிலுக்குள்ள அத்தன கெணறு, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு ருசி. வாளியில மோந்து தலைல ஊத்தறவன நிறுத்தி, எத்தன அடிங்க, ஊத்து எந்தப் பக்கமுங்கன்னு நான் விசாரிச்சுட்டு நின்னேன். பின்னால நின்னவங்க என்னையத் திட்டிப்போட்டாங்க.

சாமி கும்புட்டு முடிஞ்சுது, எல்லாரும் வேன்ல ஏறுனாங்க. இவ மட்டும் ஏறல. "நான் நாலு நாள் கடல்கிட்ட இருந்துட்டு வர்றேன்"னு நின்னுட்டா. யாரக் கேட்டு? யாரையும் கேக்கல. எங்கிட்டக் கூட, "நீங்க வேண்ணாப் போங்க"ன்னு சொல்றா. போறதுங்களா? ஊர்ல என்ன பேசுவாங்க, சென்னியப்பன் பொண்டாட்டியக் கடல்ல உட்டுட்டு வந்துட்டான்னு பேச மாட்டாங்க? டிரைவர் ஒருத்தன்தான் அவ பக்கம் நின்னு, "அரியமான்ல அலையே இருக்காதுங்க, எத்தன தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான், சவுக்குத் தோப்பு நெழலும் இருக்குது"ன்னு சொல்லி இங்க கொண்டாந்து எறக்கிப்போட்டுப் போனான். அவனுக்கு என்ன, அவன் ஏசி போட்டுட்டு ஊருக்குப் போயிட்டான்.

வல்லத்தத் தொட்டுட்டாளா? தொட்டாளா! பாத்தீங்களா! நான் சொன்னேன்ல, அவ சொன்னா செய்யற ஆளு. சரி, தொட்டாச்சு, திரும்ப வேண்டியதுதான? ஏன் அங்கயே நிக்கறா? நங்கூரக் கயித்தப் புடிச்சுட்டு நிக்கறாளா? மூச்சு வாங்கறாளாட்டம் இருக்குது. வாங்கட்டும், வாங்கட்டும்.

கத்திரி முடிஞ்சும் அனலு அடங்கல பாருங்க. ஆனி பொறக்கப் போவுது. எங்கூர்ல இந்நேரத்துக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து காத்து கெளம்பிருக்கும், கதவச் சாத்துனா படார்னு தொறக்கும். இங்க மத்தியானத்துல மணல்ல காலு வெக்க முடியல. பொழுதுசாய மேக்க மின்னுது, நாலு தூத்த போடும்னு பாத்தா ஏமாத்திப்போடுது. காலைல இந்த ரெண்டு மணி நேரந்தான் மனுசன் வெளிய நிக்கற மாதிரி இருக்குது. அதுலயும் இவ என்னைய இந்தப் பாடு படுத்தறா.

முந்தாநாள்தான் முதல் நாளு. எறங்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. சரி எறங்கு, ஆனா எங்கூர்ல புள்ளைகளுக்குக் கெணத்துல நீச்சல் பழக்கும்போது என்ன பண்ணுவம்? இடுப்புல கயிறு கட்டுவம். மேல தொடுவுல, அதான் கெணத்து ஓரத்துல, ஒரு ஆளு கயித்தப் புடிச்சுட்டு நிப்பான், முங்குனா இழுத்துக்குவான். அதான் மொறை. நான் கடைக்குப் போய் நல்ல நைலான் கயிறாப் பாத்து வாங்கியாந்து, அவ இடுப்புல கட்டி, தலைப்ப என்ற கைல மூணு சுத்துச் சுத்திக் கரையில நின்னுக்கிட்டேன். இதுல என்னங்க தப்பு? அந்தா, கரையில கடை போட்டிருக்கற பஜ்ஜிக் கடைக்காரரு கேக்கறாரு: "அண்ணே, காங்கயம்னு சொன்னீங்கள்ல? மூக்கணாங்கயிறும் போட்டுருங்கண்ணே!" எதுக்கு ஒரு எகத்தாளம்? காலேஜ் புள்ளைக நாலஞ்சு பேரு போன்ல வீடியோ எடுக்குதுக. வசந்தா தலையே நிமுரல. வெக்கமோ என்னமோ.

அந்த நேரம் பாத்து வாட்டர் ஸ்கூட்டரு ஓட்டறவன் வேகமா ஒரு சுத்துச் சுத்துனான். அலை கெளம்பி வந்துச்சு. அவளுக்கு என்ன ஆச்சோன்னு நான் ரெண்டு எட்டு முன்னால வெச்சேன், காலு ஒரு குழியில எறங்கிருச்சு. கொழந்தைக தோண்டுன குழி. குப்புற உழுந்துட்டேன். உப்புத் தண்ணி மூக்குல, வாயில, காதுல எல்லாத்துலயும் போயிருச்சு. முடிஞ்சுது கதை, சென்னியப்பன் இத்தோட சரின்னு நெனச்சுட்டேன். அவ அந்தாண்ட இருந்து கயித்தப் புடிச்சு இழுத்து, கக்கத்துல கையக் குடுத்து என்னைய நிமுத்தி உக்கார வெச்சா. முழங்கால் தண்ணிதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கவனிங்க தம்பி, அந்த நெலமைலயும் நான் கயித்த உடல. அத யாராச்சும் சொல்றாங்களா? பஜ்ஜிக் கடைக்காரரு சொல்றாரா? இல்ல. உழுந்தத மட்டும் ஊரு பூராச் சொல்லியாச்சு.

என்ன, கெளம்பிட்டாளா? இல்லியா? இன்னும் அங்கதான் நிக்கறாளா? மேல ஏறிட்டாளா! வல்லத்து மேலயா? உக்காந்திருக்கறா? காலத் தொங்கப் போட்டுட்டா? ஏனுங்க, அடுத்தவன் படகுங்க அது! ஐம்பத்தி நாலு வயசு, மருமக எடுத்தாச்சு, பையன் காலேஜ்ல கபடி ஆடுன செவப்பு பனியன மாட்டிட்டு அடுத்தவன் படகுல ஏறிக் காலாட்டிட்டு உக்காந்திருக்கறா. இத நான் எங்க போய்ச் சொல்றது?

கைய ஆட்டறாளா? நமக்கா? நீங்களும் ஆட்டுங்க. நான் ஆட்ட மாட்டேன். நான் கோவமா இருக்கறேன்.

இதா, இதப் பாருங்க. சட்டைப் பைல என்ன இருக்குது பாருங்க. தாலிக்கொடி. கண்ணாலத்தன்னிக்கு நான் போட்டது, ஒரு நாளு கழுத்த உட்டு எறங்குனதில்ல. காலைல கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டு, மஞ்சக் கயித்துல ஒரு துண்டு மஞ்சளக் கோத்துக் கட்டிட்டு எறங்கறா. "கடலு புடுங்கிக்கும், நீங்களே வெச்சிருங்க"ங்கறா. கொடியக் கடலு புடுங்கிக்கும்னு தெரியுது, உன்னைய புடுங்கிக்கும்னு தெரியலியா புள்ளன்னு கேட்டேன். சிரிக்கறா.

கயிறு இன்னிக்கு வேண்டாம்னுட்டா. அது ஏன்னா நேத்து மத்தியானம் சாப்பாட்டுல ஒரு பேச்சு வந்துச்சு. அதச் சொன்னா உங்களுக்கே ஞாயம் புரியும்.

இவுங்கூட்டுல ஒரு கெணறு இருந்துச்சுங்க. நல்ல வட்டக் கெணறு, சுத்தியும் கல்லுக்கட்டு, எறங்கறதுக்குப் படி. சொரப்புருடைய முதுகுல கட்டி, அதான் காஞ்ச சொரைக்காய்க் கூடு, மெதக்கறதுக்கு, அதக் கட்டி மாமனே இவளுக்கு நீச்சல் பழக்கியிருக்கறாரு. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு ஊரே கேட்டுதாம். மோட்டார் ரூம் மேல ஏறி நின்னு தலைகீழாக் குதிப்பாளாம். குதிப்பாளாம் என்ன, நானே பாத்தேனே! கண்ணாலம் ஆன புதுசுல விருந்துக்குப் போறேன், பொண்ணக் காணம். எங்கடான்னு பாத்தா கெணத்துக்குள்ள இருந்து, "ஏனுங்க, வாங்க, குதிங்க!"ன்னு கூப்புடறா. நான் மாமனூட்டுல போட்ட வாட்ச்சோட தொடுவுல உக்காந்துட்டேன். காதுன்னு சொன்னேன். அன்னிக்கும் காதுதான்.

அப்ப நான் போர் வண்டி வாங்குன புதுசு. மாமனுக்கு ஒரு நல்லது பண்ணலாமுன்னு, யாருங் கேக்காமயே, கெணத்துக்குப் பக்கத்துலயே ஒரு போர் போட்டுக் குடுத்தேன். தண்ணி பாத்தீங்கன்னா, தென்னை ஒசரத்துக்கு எந்திரிச்சுது! ஊரே நின்னு வேடிக்கை பாத்துது. மாப்ளைன்னா இப்பிடி இருக்கணும்னு நாலு பேரு சொன்னாங்க, என்ற காதுபடச் சொன்னாங்க. அடுத்த வருசக் கோடைல கெணறு வத்திப் பாறை தெரிஞ்சுது. மழை இல்லீங்க. வறட்சி. அது பொறகு ஊறவே இல்ல. கொஞ்ச நாள்ல குப்பையக் கொட்ட ஆரமிச்சாங்க, அப்பறம் முள்ளு மொளச்சு மயிலு அடைஞ்சுது. மாமன் ஒரு வார்த்தை சொன்னாருங்களா? சொல்லல. அதுக்கப்பறம் எங்கிட்ட அவரு பேசுனதே கம்மிதான். வயசானா அப்பிடித்தான், பேச்சுக் கொறஞ்சு போகும்.

நேத்து நான் என்ன கேட்டேன்? நல்லபடியாத்தான் கேட்டேன். மீன் கொழம்ப ஊத்திச் சாப்புட்டுட்டே, "ஏம் புள்ள, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த அலும்பு, ஊர்ல போய் நம்ம ஊட்டுப் பின்னால பொடக்காளித் தொட்டியிலயே தண்ணிய ரொப்பித் தாறேன், முங்கி எந்திரி"ன்னு சொன்னேன். சோத்துல கைய வெச்சுட்டு என்னையவே பாத்தா. சத்தம் போடல. "கெணத்த வத்த வெச்ச ஆளுங்க நீங்க. இத வத்த வெக்க முடியாது, போங்க"ன்னா.

இதுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க. முப்பது வருசங் கழிச்சு ஒரு மனுசி இதச் சொல்லுவாளா? இத்தன நாளும் ஒரு பேச்சுப் பேசல. ஒரு தடவ கூட, சண்டை கிண்டைல கூட, கெணறுங்கற வார்த்தையே அவ வாயில வந்ததில்ல. என்ன, நீங்களும் அவ பக்கந்தானாட்டம் இருக்குது. வெவசாயக் குடும்பமுங்களா நீங்க? அதானே பாத்தேன்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. கோவத்துல, "போ, எப்பிடியோ போ, கயிறுங் கெடையாது ஒண்ணுங் கெடையாது"ன்னு சொல்லிப்போட்டேன். கோவத்துல சொன்னத வெவரந் தெரிஞ்சவங்க பெருசா எடுத்துக்குவாங்களா? இவ எடுத்துக்கிட்டா. கொழம்புக் கையோட, "நீங்களே சொன்னீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா.

இப்ப என்ன பண்றா? எறங்கிட்டாளா தண்ணில? வாராளா? இந்தப் பக்கந்தானுங்களே வாரா? நல்லது. வரட்டும். வந்தவொடனே நான் பேசப் போறதில்ல. இட்லி சாப்புடற வரைக்கும் பேச மாட்டேன். அப்பத்தான் புத்தி வரும்.

இருங்க. காத்து திரும்பிருச்சா? இல்ல, முன்னயே இப்பிடித்தான் இருந்துதா? சவுக்கு எலையெல்லாம் பாருங்க, தண்ணிப் பக்கமாவே பறக்குது. நம்ம முதுகுல அடிக்குது காத்து. அப்பிடின்னா அவ மூஞ்சிக்கு எதுத்து அடிக்குது. அதா, அந்தப் பந்தப் பாருங்க தம்பி! மஞ்சப் பந்து, கரையில ஒரு கொழந்தை சித்த முன்னால வெச்சு வெளையாடிட்டு இருந்துச்சே. அலையே இல்ல, தண்ணி பாட்டுக்கு அசையாம கெடக்குது, பந்து மட்டும் வல்லத்தத் தாண்டிப் போயிட்டே இருக்குது பாருங்க. அவங்கப்பன் எடுக்கப் போனவன் பாதியில நின்னுட்டான். திரும்பி வர்ற மாதிரித் தெரியல.

வாராளா? பாத்துச் சொல்லுங்க. வாரான்னா கிட்டத்துல வரணுமல்ல? நெம்ப நேரமா அதே எடத்துலயே இருக்கற மாதிரி இருக்குது. இல்லீங்களா? அடிக்கறா, அடிக்கறா, ஆனா நவுறலியே. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், கெணத்துல நாலு கை போட்டா செவுரு வந்துரும். எங்க சனத்துக்கு அதுதான் பழக்கம். புடிக்கறதுக்கு ஒரு கல்லு இருக்கும். இங்க எதப் புடிப்பா? சொல்லுங்க, எதப் புடிப்பா?

சித்த முன்னால போலாம் வாங்க. இங்கிருந்து தெரியல. வெயிலு கண்ணக் கூசுது. செருப்புக் கெடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. வாங்க, காலு நனைஞ்சா என்ன.

எங்க? எங்க போனா? இப்பத்தான இருந்தா. நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? பேச்சுக் கேட்டுட்டுக் கோட்ட உட்டுட்டீங்களா? என்ற பேச்சுதான் உங்களுக்குப் பெருசாப் போச்சா? தப்பா நெனைக்காதீங்க. செவப்பத் தேடுங்க தம்பி. செவப்பு பனியன். வல்லத்துக்கு எடது பக்கம் பாருங்க. நான் வலது பக்கம் பாக்கறேன்.

வசந்தா! ஏ வசந்தாமணீ!

கேக்காது. காத்து இங்கிருந்துதான போகுது, கேக்கணுமல்ல? வசந்தா!

என்னங்க? எதுக்கு என்னையக் கூப்புடறீங்க? அவளப் பாருங்கன்னா என்னையப் பாக்கறீங்க. நான் இங்கதான இருக்கறேன். நீங்க அங்கயே நில்லுங்க, ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னா எப்பிடித் தெரியும். எனக்குக் கேக்குது, சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க.

அந்தப் பஜ்ஜிக் கடைக்காரரக் கூப்புடுங்க. அவருக்கு நீச்சல் தெரியும். கிண்டல் பண்ணுனா பண்ணட்டும், பரவால்ல, வரச் சொல்லுங்க. அவரு கேட்டா, மூக்கணாங்கயிறு எனக்கே போட்டுக்கறேன்னு சொல்லுங்க. படகு இருந்தாலும் எடுத்தாரச் சொல்லுங்க.

என்ற தப்பில்லீங்க. நான் கயிறு கட்டுறேன்னுதான் சொன்னேன். இல்ல, கயிறு கட்டிருந்தாலும் அத்தன தூரத்துக்குக் கயிறு பத்தாது. வசந்தா! இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் ஊட்டுக்குப் போய் என்ன பண்ணுவேன் தம்பி? மாத்திரை எங்க இருக்குதுன்னு கூடத் தெரியாது எனக்கு. காலைல மாத்திரைய அவதான் கைல குடுப்பா, நான் முழுங்குவேன். எது சுகருக்கு எது பிரசருக்குன்னு கேட்டதே இல்ல. ஐயோ சாமி. மாமனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்.

என்ன சொல்றீங்க? கையத் தூக்கித் தூக்கிக் காட்டறீங்க, என்னன்னு சொன்னாத்தான தெரியும்? எங்க? வலது பக்கமா? எது? அந்தா, ரெண்டு காலு தெரியுதே! கட்டை வெரலு! மல்லாக்கப் படுத்திருக்கறாளா? அடியே! மல்லாக்கப் படுத்துட்டு, வானத்தப் பாத்துட்டு, கால மட்டும் அடிச்சுட்டு வாராளா? எதுத்த காத்துல தலையத் தூக்காம, சாஞ்ச வாக்குல, கொஞ்சங் கொஞ்சமா வாரா தம்பி! வந்துட்டா! நான் சொன்னேன்ல!

இந்தப் பக்கம், வசந்தா! இந்தப் பக்கம்! கையப் புடி, இதா, கையப் புடி!

புடிச்சாச்சுங்க தம்பி. புடிச்சுட்டேன். கை என்ன இப்பிடிச் சில்லுன்னு இருக்குது. மூச்சு வாங்காத, பேசாத, நில்லு. தரையத் தொட்டு நில்லு, காலு எட்டும். எட்டுதா? எட்டுது.

என்ன சிரிக்கறா இவ? எதுக்கு இப்பச் சிரிக்கற? என்ன? குனிஞ்சு பாக்கறதா?

ஏனுங்க தம்பி. நெஞ்சு வரைக்கும் தண்ணி நிக்குதுங்க. நான் எப்ப இங்க வந்தேன்? நீங்க சொல்ல வேண்டியதில்லீங்களா? அதத்தான் சொன்னீங்களா? சட்டைப் பைல போன் கெடக்குது, போச்சு. கொடி இருக்குது, இருக்குது, கைலதான் புடிச்சிருக்கறேன். எப்ப எடுத்துக் கைல புடிச்சேன்னு தெரியல.

அவ கேக்கறா, "காதுக்கு ஆகாதுன்னு சொல்லுவீங்களே, எதுக்கு வந்தீங்க?"ன்னு. நல்லா நாலு வார்த்தை கேக்கலாமுன்னுதான் இருந்தேன், அத்தனையும் யோசிச்சு வெச்சிருந்தேன். அதெல்லாம் உட்டுப்போட்டு, "உன்னையக் காணம்னு தேடிட்டு வந்தேன் புள்ள"ன்னு சொன்னேன்.

அதுக்கு என்ன சொன்னா தெரியுங்களா? கேட்டுச்சா உங்களுக்கு? கேட்டிருக்காது, மெதுவாத்தான் சொன்னா. "முப்பது வருசமா ஊட்டுக்குள்ளயேதான் இருந்தேனுங்க. அப்ப ஒருக்காக் கூடத் தேடலீங்களே."

சிரிச்சுட்டேதான் சொன்னா தம்பி. இன்னும் சிரிச்சுட்டுத்தான் நிக்கறா.

நீங்க போங்க. ஊட்டுல எந்திரிச்சு உங்களக் காணம்னு தேடுவாங்க. நாங்க சித்த நேரம் இங்கயே நின்னுட்டு வர்றம்.